9 வந்தால் போதுமா? பிஎல்/பைதானின் நிலை எண்களைப் படிக்கும் முறை

மருந்துக் கடை ஒன்றின் சரக்குக் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், 'இருப்பு' என்ற டேபிளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (டேபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் மறுப்பதில்லை.) பில் போட்டதும் விற்ற மாத்திரைகளை இருப்பிலிருந்து கழிக்க, பிஎல்/பைதானில் எழுதிய ஃபங்ஷன் ஒன்று ஓடுகிறது. உள்ளே பிஎல்பை.எக்ஸிக்யூட் வழியாக ஓர் அப்டேட் கட்டளை. அது திருப்பித் தரும் விடையிடம் ஸ்டேட்டஸ் என்ன என்று கேட்டால் 9 என்ற எண் வருகிறது.

இந்த 9-ஐ முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று விதமாகப் புரிந்துகொள்வார்கள். யூனிக்ஸ் பழக்கம் உள்ளவருக்கு 0 வந்தால்தான் வெற்றி. 9 ஏதோ எரர் என்று கையேட்டைப் புரட்டுவார். இன்னொருவர் ஒன்பது வரிசைகள் மாறிவிட்டன என்று நினைப்பார். மூன்றாமவர் கொஞ்சம் அனுபவசாலி. பூஜ்யத்தைவிடப் பெரிய எண் என்றால் வெற்றி என்று எங்கோ படித்திருக்கிறார். அப்படியே ஓர் 'இஃப்' எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். முதல் இருவரின் தவறும் சோதித்துப் பார்க்கும்போதே பல்லிளித்துவிடும். மூன்றாமவருடையது ஆண்டுக் கடைசியில் அலமாரியில் சரக்கை எண்ணும்போதுதான் தெரியும்.

9 சொல்வது இவ்வளவுதான்: அப்டேட் வகைக் கட்டளை ஒன்று எரர் இல்லாமல் ஓடி முடிந்தது. எத்தனை வரிசை மாறியது என்ற தகவல் அதில் இல்லை. ஒன்றுகூட மாறாவிட்டாலும் 9தான்.

எண் பிறக்கும் இடம்

பிஎல்/பைதான், பிஎல்/பெர்ல், பிஎல்/டிசிஎல், பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் ஆகிய நான்கு மொழிகளும் எஸ்க்யூஎல் கட்டளையை ஓட்ட உள்ளே ஒரே அடுக்கைத்தான் நம்பியிருக்கின்றன. அதற்கு எஸ்பிஐ, அதாவது சர்வர் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ் என்று பெயர். சி மொழியில் எழுதப்பட்ட இந்த அடுக்கு, கொடுத்த கட்டளை முடிந்ததும் ஒரு முழு எண்ணைத் தருகிறது. பூஜ்யத்துக்கு மேல் என்றால் ஓடிய கட்டளையின் வகை. பூஜ்யத்துக்குக் கீழ் என்றால் கட்டளையை ஓட்டவே முடியாமல் போன காரணம்.

அந்த எண்ணை நான்கு மொழிகளும் நான்கு விதமாக நடத்துகின்றன. பிஎல்/பைதான் அதை அப்படியே நம் கையில் கொடுத்துவிடுகிறது. பிஎல்/பெர்ல் அதைப் பெயராக மாற்றி 'எஸ்பிஐ_ஓகே_அப்டேட்' என்று எழுத்தில் தருகிறது. பிஎல்/டிசிஎல்லின் எஸ்பிஐ_எக்ஸெக் நிலை எண்ணைக் காட்டாமல், கட்டளை கையாண்ட வரிசைகளின் எண்ணிக்கையைத் தருகிறது. பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லோ எண்ணை முழுக்க மறைத்துவிட்டு, 'ஃபவுண்ட்' என்ற மாறியையும் 'ரோ_கவுன்ட்' என்ற எண்ணிக்கையையும் மட்டும் வெளியே விடுகிறது.

பழைய ஃபங்ஷன்களை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெர்லிலிருந்து பைதானுக்கு வருபவர் பெயரோடு ஒப்பிட்ட இடத்தில் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மறந்தால் நிபந்தனை எப்போதுமே பொய்யாகி, தவறு சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். டிசிஎல்லிலிருந்து வருபவரின் நிலைமை மோசம். இரண்டிலும் வருவது எண்தான், பொருள்தான் வேறு. "எண்ணிக்கை 0-க்கு மேல் இருந்தால்" என்று அங்கே சரியாக எழுதிய வரியை, ஸ்டேட்டஸுக்குப் பொருத்தி அப்படியே கொண்டுவந்தால், அது இங்கே எப்போதும் உண்மையாகவே இருக்கும்.

எண்களின் வரிசை

1, 2, 3 மூன்றும் எஸ்பிஐயோடு இணைவது, விலகுவது, கர்சரிலிருந்து எடுப்பது ஆகியவற்றைக் குறிப்பவை. சி மொழியில் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்குத்தான் அவற்றால் வேலை. மற்றவர்கள் 4-இலிருந்து தொடங்கலாம். 4 என்பது 'யூட்டிலிட்டி': கிரியேட் டேபிள், டிராப், டிரன்கேட் போன்றவை. 5 செலக்ட். 6 செலக்ட் இன்டு. 7 இன்செர்ட், 8 டெலீட், 9 அப்டேட். எஸ்க்யூஎல் பாடம் நடத்தும் வரிசையை நினைத்துக்கொண்டு 8-ஐ அப்டேட் என்று குறித்து வைப்பவர்கள் உண்டு. டெலீட்தான் முன்னால் நிற்கிறது. 10 கர்சருக்கு.

11, 12, 13 ஆகியவை அதே இன்செர்ட், டெலீட், அப்டேட் மூன்றும் 'ரிட்டர்னிங்' என்ற ஒட்டோடு வரும்போது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் நிரலை உடைப்பதில் இதற்குத் தனி இடம் உண்டு. ஸ்டேட்டஸ் 9 ஆக இருந்தால் மட்டும் தொடர வேண்டும் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு வந்த இன்னொருவர், கழித்தபின் மீதி எத்தனை என்று தெரிந்தால் நல்லது என்று அப்டேட்டின் கடைசியில் ரிட்டர்னிங் சேர்க்கிறார். கட்டளை முன்போலவே ஓடுகிறது, இருப்பு குறைகிறது, ஆனால் எண் 13. சரியாக நடந்த வேலையை ஃபங்ஷன் தோல்வி என்று அறிவிக்கிறது.

14-ஐப் பற்றிப் பிறகு. 15 முதல் 17 வரை தற்காலிக டேபிள் போன்றவற்றைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யும் உள் வேலைகள். சாதாரண ஃபங்ஷனில் அவை எதிரே வருவதில்லை. 2022-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 15-இல் மெர்ஜ் கட்டளை வந்தபோது அதற்கு 18 கிடைத்தது. 2024-இல் பதிப்பு 17-இல் மெர்ஜுக்கும் ரிட்டர்னிங் வந்தது, அதற்கு 19. புதிய கட்டளை வரும்போது எண் கடைசியில் சேர்கிறது, பழைய எண்கள் நகர்வதில்லை.

பூஜ்ய வரிசை

மருந்துக் கடைக்குத் திரும்பலாம். மருந்தின் குறியீடு 'பாரா500'. பில் போட்டவர் கைத்தவறாக 'பாரா50' என்று அடித்துவிட்டார். டேபிளில் அப்படி ஒரு குறியீடு இல்லை. அப்டேட் ஓடுகிறது, பொருந்தும் வரிசை எதுவும் கிடைக்கவில்லை, டேட்டாபேஸின் பார்வையில் இது குற்றமே இல்லை. ஃபங்ஷனுக்குள் ஸ்டேட்டஸையும், கட்டளை கையாண்ட வரிசைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் என்ரோஸையும் சேர்த்து பிஎல்பை.நோட்டீஸ் வழியாக அச்சடித்தால் திரையில் தெரிவது (9, 0). சரியான குறியீட்டோடு ஓட்டினால் (9, 1). இரண்டு விடைகளையும் பிரித்துக் காட்டுவது இரண்டாவது எண்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, என்ரோஸ் எதிர்பார்த்த எண்ணாக இருக்கிறதா என்பதே. இங்கே சரியாக 1 வர வேண்டும். 0 வந்தால் அப்படி ஒரு மருந்து இல்லை. 2 வந்தால் ஒரே குறியீட்டில் இரண்டு வரிசைகள் கிடக்கின்றன, அதாவது டேபிளில் யூனிக் கட்டுப்பாடு போட மறந்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு மேலா என்று மட்டும் பார்த்தால் இந்த இரண்டாவது சிக்கல் தப்பித்துவிடும்.

என்ரோஸுக்குப் பதிலாக விடையின் நீளத்தை, பைதானின் 'லென்' கொண்டு அளப்பவர்களும் இருக்கிறார்கள். செலக்ட்டுக்கு இரண்டும் ஒன்றே. ரிட்டர்னிங் இல்லாத அப்டேட் வரிசைகளை மாற்றுமே தவிரத் திருப்பித் தராது. ஆகவே நூறு வரிசைகள் மாறியிருந்தாலும் நீளம் 0.

இன்னொரு நுணுக்கம், மைஎஸ்க்யூஎல்லில் பழகியவர்களுக்கு. இருப்பு ஏற்கெனவே 40. அப்டேட்டும் 40 என்றே எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்பில் உண்மையில் மதிப்பு மாறிய வரிசைகளை மட்டும் எண்ணும், எனவே 0 என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒன்றா என்று பார்ப்பதில்லை. நிபந்தனைக்குப் பொருந்திய வரிசையைத் திரும்ப எழுதிவிட்டு 1 என்று சொல்லும்.

எண் ஏமாற்றும் இடங்கள்

காலாவதியான மருந்துகளை நீக்கிவிட்டு எத்தனை நீக்கினோம் என்று எண்ணிச் சொல்லும் ஒரு கட்டளை. 'வித்' என்று தொடங்கி, அதற்குள் டெலீட்டை ரிட்டர்னிங்கோடு வைத்து, கடைசியில் செலக்ட் கவுன்ட் என்று முடிகிறது. இதன் ஸ்டேட்டஸ் 5. வெளியே நிற்பது செலக்ட் என்பதால் உள்ளே டேபிளே காலியானாலும் எண் செலக்ட்டுடையதுதான். என்ரோஸும் 1தான், கவுன்ட் தரும் ஒற்றை வரிசை அது. ஸ்டேட்டஸ் 5 என்றால் வெறும் வாசிப்பு என்று நம்பி யாராவது தணிக்கைப் பதிவு எழுதியிருந்தால் அந்தப் பதிவில் பெரிய ஓட்டை.

இன்செர்ட்டோடு 'ஆன் கான்ஃப்ளிக்ட்' சேர்த்தாலும் இதே கதை. வரிசை புதிதாகச் சேர்ந்தாலும் 7, ஏற்கெனவே இருந்ததால் அப்டேட் ஆனாலும் 7, 'டூ நத்திங்' என்று சொல்லி எதுவும் செய்யாமல் விட்டாலும் 7. கடைசி வகையை மட்டும் என்ரோஸ் 0 காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டையும் பிரித்தறிய இந்த இரு எண்களும் உதவாது.

'பிஃபோர்' டிரிகர் ஒன்று நல் திருப்பினால் அந்த வரிசையின் அப்டேட் சத்தமில்லாமல் கைவிடப்படும். விளைவு (9, 0). குறியீடு தவறாக இருந்தபோது வந்த அதே ஜோடி. காரணம் தேடுபவர் குறியீட்டைச் சரிபார்த்து ஓய்ந்தபிறகு டேபிளில் என்னென்ன டிரிகர்கள் தொங்குகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

இனி 14. போஸ்ட்கிரெஸில் 'ரூல்' என்று ஒரு பழைய வசதி உண்டு. ஒரு கட்டளையை இன்னொன்றாக மாற்றி எழுதிவிடும். எதையும் உண்மையில் அழிக்கக் கூடாது என்று நினைக்கும் நிறுவனங்கள், டெலீட் வந்தால் அதற்குப் பதிலாக 'நீக்கப்பட்டது' என்ற பத்தியை அப்டேட் செய்யுமாறு ரூல் எழுதி வைப்பதுண்டு. அப்போது டெலீட் அனுப்பினால் ஸ்டேட்டஸ் 14, என்ரோஸ் 0. அதாவது கட்டளை வேறு வகையாக மாற்றப்பட்டுவிட்டது. கேட்ட வகையில் எதுவும் ஓடவில்லை. பிஎஸ்க்யூஎல் திரையில் இதே கட்டளையை அடித்தாலும் 'டெலீட் 0' என்றுதான் வரும். உள்ளே அப்டேட் கச்சிதமாக நடந்திருக்கும். எண்ணிக்கையை நம்புவதுதான் பாதுகாப்பு என்று மேலே சொன்னதற்கு இது நேர் விதிவிலக்கு. ரூல்களைத் தவிர்த்து டிரிகர் எழுதச் சொல்லும் மூத்தவர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

செலக்ட் இன்டுவுக்கு 6 என்று தனி எண் இருப்பதும் பழைய காலத்து மிச்சம். செலக்ட் இன்டு புதிய டேபிள் ஒன்றை உருவாக்கி நிரப்பும். 'கிரியேட் டேபிள் அஸ்' செய்வதும் அதையேதான். ஆனால் அதற்கு 4. வரலாற்றுக் காரணத்தால் அப்படி விட்டிருக்கிறோம் என்று போஸ்ட்கிரெஸின் மூல நிரலே குறிப்பில் ஒப்புக்கொள்கிறது. 4-இலும் ஒரு முரண் உண்டு. யூட்டிலிட்டி என்பதால் வரிசை எதுவும் வராது என்று கருதக் கூடாது. எக்ஸ்ப்ளெய்ன், ஷோ இரண்டும் 4 என்று சொல்லிக்கொண்டே வரிசைகளைத் தரும்.

ஒரே சரத்தில் அரைப்புள்ளி போட்டு மூன்று கட்டளைகளை அனுப்பினால், திரும்பி வருவது கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே. முதலிரண்டும் பூஜ்ய வரிசையில் முடிந்திருந்தாலும் தெரிய வழியில்லை. எண்ணிக்கை முக்கியம் என்றால் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

கண்ணில் படாத எதிர்மறை எண்கள்

எஸ்பிஐ பட்டியலில் -1 முதல் -13 வரை எதிர்மறை எண்களும் இருக்கின்றன. கமிட், ரோல்பேக் போன்றவற்றை உள்ளிருந்து ஓட்ட முயன்றால் -8. காப்பி கட்டளையைத் திரை உள்ளீடு அல்லது வெளியீட்டோடு ஓட்ட முயன்றால் -2. -5-க்கு இன்று எந்த வேலையும் இல்லை. இடம் மட்டும் காலியாகக் காத்திருக்கிறது.

பைதான் ஃபங்ஷனில் ஸ்டேட்டஸ் மூலம் இவற்றை ஒருபோதும் பார்க்க முடியாது. எண் எதிர்மறையானால் பிஎல்/பைதான் விடையே தருவதில்லை, எக்ஸெப்ஷன் எழுப்பிவிடும். பிஎல்பை.எக்ஸிக்யூட்டுக்கு 'கமிட்' என்று கொடுத்தால், எஸ்பிஐ_எக்ஸிக்யூட் தோற்றது, காரணம் எஸ்பிஐ_எரர்_டிரான்சாக்ஷன் என்ற செய்தியோடு நின்றுவிடும். (கமிட் உண்மையாகவே தேவைப்பட்டால் பதிப்பு 11 முதல் புரொசீஜர் எழுதி அதில் பிஎல்பை.கமிட் அழைக்கலாம்.) ஆகவே பைதானில் 'ஸ்டேட்டஸ் 0-ஐவிடக் குறைவா' என்று கேட்கும் இஃப் எங்கே இருந்தாலும் அழித்துவிடலாம். அது ஒரு நாளும் ஓடப்போவதில்லை.

யூனிக் கட்டுப்பாட்டை மீறுவது, பூஜ்யத்தால் வகுப்பது, டெட்லாக் போன்ற நிஜமான எரர்களுக்கு இந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. அவை எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற வேறு முறையில் வருகின்றன. ஐந்து இலக்கம், முதல் இரண்டு குடும்பம், மீதி மூன்று ஆள். 23 கட்டுப்பாட்டு மீறல்களின் குடும்பம்: 23505 யூனிக் மீறல், 23503 ஃபாரின் கீ மீறல். 22012 பூஜ்யத்தால் வகுத்தல். 40001 என்றால் சீரியலைசேஷன் தோல்வி. டிரான்சாக்ஷனை முதலிலிருந்து, ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து, மறுபடி ஓட்ட வேண்டும். டெட்லாக் 40பி01. நடுவில் எழுத்து வருவதைக் கவனிக்க வேண்டும்: இதை எண்ணாக நினைத்து இன்டீஜர் பத்தியில் சேமிக்க முயன்ற லாக் டேபிள்கள் முதல் டெட்லாக்கில் தாமே எரர் ஆகிவிடும். எழுத்துப் பத்திதான் சரி.

பிடித்த எக்ஸெப்ஷனிடம் எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற பண்பைக் கேட்டால் இந்த ஐந்து இலக்கம் கிடைக்கும். எரருக்கு ஏற்றபடி தனி வகுப்புகளும் உள்ளன, பிஎல்பை.எஸ்பிஐஎக்ஸெப்ஷன்ஸ்.யூனிக்வயலேஷன் என்று பெயர் சொல்லியே பிடிக்கலாம்.

பிடிப்பதில் ஒரு கண்ணி. ஃபங்ஷன் முதலில் இருப்பைக் கழிக்கிறது, பிறகு பில் டேபிளில் வரிசை சேர்க்கிறது. இரண்டாவது கட்டளை 23505-இல் விழுகிறது. புரோகிராமர் எக்ஸெப்ஷனைப் பிடித்து, 'பில் சேரவில்லை' என்ற சொல்லைத் திருப்புகிறார். ஃபங்ஷன் நல்லபடி முடிந்ததாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். முதல் அப்டேட் அப்படியே நிலைத்துவிடும். மாத்திரை குறைந்தது, பில் இல்லை. இரண்டையும் 'வித் பிஎல்பை.சப்டிரான்சாக்ஷன்()' என்ற கட்டுக்குள் வைத்து, ட்ரையை அதற்கு வெளியே வைத்தால், ஒன்று விழுந்தால் இரண்டும் திரும்பிவிடும்.

மற்ற டேட்டாபேஸ்களில்

ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல்லில் எஸ்க்யூஎல்கோட் என்ற ஃபங்ஷன் எரர் எண்ணைத் தரும். அவை பொதுவாக எதிர்மறை. விதிவிலக்கு, தேடிய வரிசை கிடைக்காதபோது வரும் 'நோ டேட்டா ஃபவுண்ட்': செய்தியில் ஓஆர்ஏ-01403 என்று இருக்கும், எஸ்க்யூஎல்கோட் மட்டும் +100 என்று சொல்லும். -1403 என்று ஒப்பிட்டால் சிக்காது. நாமே எழுப்பும் எரர்களுக்கு -20000 முதல் -20999 வரை ஒதுக்கியிருக்கிறார்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்டோர்டு புரொசீஜர் திருப்பும் எண்ணில் 0 வெற்றி என்பது வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி எஸ்பி_கெட்ஆப்லாக் பக்கம் போனால் மாட்டிக்கொள்வோம். பூட்டு உடனே கிடைத்தால் 0, காத்திருந்து கிடைத்தால் 1; இரண்டுமே வெற்றி. -1 நேரம் கடந்தது, -2 ரத்து, -3 டெட்லாக்கில் பலி, -999 அளவுருப் பிழை. 0 இல்லாததெல்லாம் தோல்வி என்று எழுதியவரின் நிரல் ஆள் குறைந்த நேரத்தில் சரியாக ஓடும். நெரிசல் வந்து பூட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்ததும், கையில் பூட்டை வைத்துக்கொண்டே தோல்வி என்று சொல்லும்.

சொந்த ஃபங்ஷன் எழுதும்போது

சரக்கு இல்லை என்றால் -1, குறியீடு தவறு என்றால் -2 என்று நாமே எண் வகுக்கத் தோன்றும். அழைப்பவர் அந்த எண்ணைப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எக்ஸெப்ஷனைப் பார்க்காமல் இருக்க முடியாது. பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் 'ரெய்ஸ் எக்ஸெப்ஷன்' எழுதி 'எர்கோட்' மூலம் சொந்த ஐந்து இலக்கத்தைத் தரலாம். தராவிட்டால் பி0001 வரும். மூன்று பூஜ்யங்களில் முடியும் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணம் அறிவுறுத்துகிறது. அவை குடும்பப் பெயர்கள். குடும்பம் முழுவதையும் பிடித்தால்தான் பிடிபடும்.

எண்ணிக்கைக்கு 'கெட் டயக்னாஸ்டிக்ஸ்' வழியாக ரோ_கவுன்ட்டை எடுப்பது நல்லது. ஃபவுண்ட் எளிது, ஆனால் சரமாகக் கட்டிய கட்டளையை எக்ஸிக்யூட் கொண்டு ஓட்டும்போது ஃபவுண்ட் மாறாது. முந்தைய கட்டளையின் மதிப்பே நீடிக்கும். ரோ_கவுன்ட் மாறும்.

பைதானில் லாக் எழுதுபவர்கள் 4 முதல் 19 வரையிலான எண்களுக்குப் பெயர் சொல்லும் சிறிய டிக்‌ஷனரி ஒன்றை வைத்துக்கொண்டால் லாக் படிப்பது சுலபமாகும். அதில் இல்லாத எண் வந்தால் எரர் எழுப்பாமல் எண்ணையே அச்சடிக்கும்படி எழுத வேண்டும். பதிப்பு 14-க்கு எழுதிய டிக்‌ஷனரிக்கு 18 என்றால் என்னவென்று தெரியாது. அதற்காக மெர்ஜ் ஓட்டும் ஃபங்ஷன் நின்றுவிடக் கூடாது.